வாலில் ஒரு பெயர், சம்பளச் சீட்டில் வேறு பெயர்!

ஆகாய விமானம் ஓட்டுகிறவன் என்றால் பெரிய துரை, கை நிறையச் சம்பளம், கவலையில்லாத வாழ்வு என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆலையில் பஞ்சுத் தூசி தின்கிற தோழனுக்கும், சேற்றில் குனிந்து நாற்று நடுகிற தாய்க்கும், அந்த விமானிக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் இருக்கிறது. கேளுங்கள்.

2009 பிப்ரவரி 12ஆம் தேதி இரவு. அமெரிக்காவில் நூவர்க் நகரிலிருந்து பஃபலோ நகருக்குப் புறப்பட்ட விமானம் ஒன்று, இறங்க வேண்டிய இடத்துக்குச் சில மைல் முன்பாக ஒரு வீட்டின்மேல் விழுந்து எரிந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும், வீட்டில் இருந்த ஒருவரும் மாண்டார்கள். பயணிகள் டிக்கெட் வாங்கியது காண்டினென்டல் என்ற பெரிய கம்பெனியிடம். விமானத்தின்மேல் எழுதியிருந்ததும் அந்தப் பெயர்தான். ஆனால் அதை ஓட்டிய இருவருக்கும் சம்பளம் கொடுத்தது கோல்கன் என்ற சின்னக் கம்பெனி. அந்தப் பெயரை நாடு அறிந்தது, விழுந்த பிறகுதான்!

துணை விமானி 24 வயதுப் பெண். வேலை கிழக்குக் கரையில், நூவர்க்கில். வீடு மேற்குக் கரையில், சியாட்டில் பக்கம், பெற்றோருடன். நடுவே ஒரு கண்டமே கிடக்கிறது. முதல் நாள் இரவு சரக்கு விமானத்தில் இடம் கேட்டு ஏறி, வழியில் இன்னொரு விமானம் மாறி, விடியற்காலையில் வந்து சேர்ந்தார். ஓய்வெடுத்தது ஊழியர் அறையில். அவருடைய சம்பளம் ஆண்டுக்குச் சுமார் 16,000 டாலர் என்று விசாரணையில் கணக்கு வந்தது. இல்லை, 23,900 என்று கம்பெனி பிறகு திருத்தியது. திருத்திய கணக்கையே வைத்துக்கொள்வோம். அந்தப் பணத்தில் நூவர்க்கில் வீடு பிடித்துக் குடியிருக்க முடியுமா? முன்பு வேறோர் ஊரில் அதே கம்பெனியில் வேலை செய்தபோது, அவர் காப்பிக் கடையிலும் கொஞ்ச நாள் வேலை பார்த்திருக்கிறார். விமானம் ஓட்டுகிறவர், காப்பி ஊற்றிக் கொடுத்தும் பிழைக்க வேண்டியிருந்தது!

விமானத்தின் வேகம் குறைந்தபோது தலைமை விமானி தவறாகக் கையாண்டதே விபத்துக்குக் காரணம் என்று விசாரணைக் குழு முடிவு சொன்னது. அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் இருவருக்கும் களைப்பு இருந்திருக்கும், அது எவ்வளவு தூரம் காரணம் என்று நிர்ணயிக்க முடியவில்லை என்றும் அதே குழு சொன்னது. களைப்பை அளக்க முடியவில்லையாம். கூலியை மட்டும் காசு காசாக அளக்கத் தெரிகிறது!

இந்த இரட்டைப் பெயரின் சூட்சுமம் என்ன? குத்தகை. உள்குத்தகை என்றால் நமது விவசாயத் தோழர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. நிலம் ஒருவன் பேரில், சாகுபடி இன்னொருவன் பேரில், வெயிலில் காய்வது மூன்றாம் ஆள். அதே வித்தையை ஆகாயத்தில் நடத்துகிறார்கள்.

1978இல் அமெரிக்க சர்க்கார் விமானக் கட்டணத்தையும் வழித்தடங்களையும் கட்டுப்படுத்தும் பொறுப்பிலிருந்து விலகச் சட்டம் செய்தது. அதற்குப் பின் சிற்றூர்களுக்குப் போகும் நடைகளைப் பெரிய கம்பெனிகள் படிப்படியாகச் சின்னக் கம்பெனிகளிடம் தள்ளிவிட்டன. ஒப்பந்தம் எப்படி என்று பாருங்கள். டிக்கெட் விலை வைப்பவன் பெரிய முதலாளி. எந்த ஊருக்கு எத்தனை மணிக்கு என்று அட்டவணை போடுபவன் அவன். பணத்தை வாங்கிக் கல்லாவில் போடுபவனும் அவனே. எண்ணெய்ச் செலவையும் பெரும்பாலும் அவனே ஏற்கிறான். சின்னக் கம்பெனிக்கு நடை ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி. குறைந்த கூலிக்குக் கேட்பவனுக்கே நடை! எண்ணெயில் மிச்சம் பிடிக்க வழியில்லை. டிக்கெட்டில் கூட்ட வழியில்லை. மிச்சம் பிடிக்க எஞ்சியிருப்பது என்ன? ஆள் கூலி ஒன்றுதான்!

அந்தக் கூலியைக் கணக்கிடும் விதத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். விமானம் நிற்கிற இடத்தை விட்டு நகர்ந்தது முதல், மறுபடி போய் நிற்கிறவரை உள்ள நேரத்துக்கே மணிக் கூலி. அதற்கு முன் வந்து வானிலை பார்ப்பது, யந்திரம் பார்ப்பது, அடுத்த நடைக்குக் காத்துக் கிடப்பது எல்லாம் பெரும்பாலும் கணக்கில் வராது. தறி ஓடும் நேரத்துக்கு மட்டும் கூலி, நூல் அறுந்து நின்றால் இல்லை என்று ஆலை முதலாளி சொன்னால் நாம் சும்மா இருப்போமா?

இதைவிடப் பெரிய பொறி சர்வீஸ் கணக்கில் இருக்கிறது. ஒரு கம்பெனியில் பத்து வருஷம் ஓட்டியவன் அடுத்த கம்பெனிக்குப் போனால், பட்டியலின் அடியில் போய் நிற்க வேண்டும். முதல் வருஷச் சம்பளம்தான். ஆகவே பெரிய முதலாளி நடைகளை ஒரு குத்தகைக் கம்பெனியிடமிருந்து பிடுங்கி இன்னொன்றிடம் கொடுத்தால் போதும். அதே ஊர், அதே வழி, அதே விமானி. சம்பளம் மட்டும் பாதாளத்துக்குப் போய்விடும்.

எதிர்த்துப் போராடவில்லையா? போராடினார்கள். காம்ஏர் என்ற கம்பெனியின் விமானிகள் 2001 மார்ச் 26ஆம் தேதி வேலை நிறுத்தத்தில் இறங்கி, 89 நாள் உறுதியாக நின்றார்கள். கம்பெனியின் சொந்தக்காரன் டெல்டா. சம்பள உயர்வு பெற்றுத்தான் திரும்பினார்கள். அற்புதமான போராட்டம்! ஆனால் 2005இல் டெல்டா மஞ்சள் கடுதாசி கொடுத்தது. காம்ஏரும் அதோடு நீதிமன்றம் ஏறியது. வேறு கம்பெனிகள் மலிவாக ஓட்டுகின்றன என்ற பல்லவி பாடியே விமானங்களைக் குறைத்தார்கள். 2012 செப்டம்பரில் காம்ஏரை ஒரேயடியாக மூடினார்கள். டெல்டா மூடப்படவில்லை; அதன் சின்ன விமானங்களைப் பிற கம்பெனிகள் ஓட்டின.

இங்கே கசப்பான ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எத்தனை இருக்கை வரையுள்ள விமானத்தை வெளியே குத்தகைக்கு விடலாம் என்பது பெரிய கம்பெனி விமானிகளின் சங்க ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டது. சின்ன விமானம்தானே, நமக்கென்ன என்று முதலில் விட்டார்கள். 50 இருக்கை 70 ஆயிற்று. 70 பிறகு 76 ஆயிற்று. மஞ்சள் கடுதாசியைக் காட்டி மிரட்டியபோது இன்னும் விட்டுக்கொடுத்தார்கள். விட்டுக்கொடுத்தவர்கள் தப்பினார்களா? 2009 ஜனவரியில் ஹட்ஸன் ஆற்றில் விமானத்தை இறக்கி 155 உயிர்களைக் காப்பாற்றிய சல்லன்பெர்கர், யு.எஸ். ஏர்வேஸ் என்ற பெரிய கம்பெனியின் விமானி. அடுத்த மாதமே அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் நின்று, தன் சம்பளம் 40 சதவீதம் வெட்டப்பட்டதையும், கம்பெனி பென்ஷன் போய்விட்டதையும் அவர் சொன்னார். உலகமே மாலை போட்ட மனிதருக்கே இந்தக் கதி! பதிலி ஆள் சம்பளம் குறையும்போது நிரந்தர ஆள் வாய்மூடி இருந்தால் என்ன நடக்கும் என்று ஆலைத் தோழர்களுக்குத் தெரியும்.

கதை அதோடு நிற்கவில்லை. பஃபலோவில் உறவைப் பறிகொடுத்த குடும்பங்கள் வாஷிங்டனுக்கு நடையாய் நடந்தன. 2010இல் சட்டம் வந்தது. பயணிகள் விமானத்தில் துணை விமானியாக அமரவும் பொதுவாக 1,500 மணி பறந்திருக்க வேண்டும் என்ற விதி 2013இல் அமலாயிற்று. விமானத்தை உண்மையில் ஓட்டும் கம்பெனியின் பெயரை டிக்கெட் விற்கும்போதே காட்ட வேண்டும் என்றும் ஆயிற்று.

பிறகு 2020இல் கொள்ளைநோய் வந்தபோது, பெரிய கம்பெனிகள் ஆயிரக்கணக்கான விமானிகளை முன்கூட்டியே ஓய்வு கொடுத்து அனுப்பின. பயணிகள் திரும்பி வந்தபோது ஆள் இல்லை! மணிக்கு 20, 25 டாலருக்கு மேல் புதியவனுக்குக் கட்டுப்படியாகாது என்று வருஷக்கணக்காகச் சத்தியம் செய்த தொழில் அது. 2022 ஜூனில் அமெரிக்கன் கம்பெனியின் துணைக் கம்பெனிகள் புதிய துணை விமானிக்கு, தற்காலிகப்படியையும் சேர்த்து, மணிக்கு 90 டாலர் என்று அறிவித்தன. கட்டுப்படியாகாத காசு எங்கிருந்து முளைத்தது, ஐயா? கஜானாவில்தான் இருந்தது!

அதே ஆண்டில் ரிபப்ளிக் என்ற குத்தகைக் கம்பெனி, தன் பள்ளியில் பயின்றவர்களுக்கு 1,500 வேண்டாம், 750 மணி போதும் என்று சர்க்காரிடம் மனுப் போட்டது. செப்டம்பரில் மனு தள்ளப்பட்டது. கம்பெனிகளின் சங்கம் விடவில்லை. நாடாளுமன்றத்தின் கதவைத் தட்டியது. பஃபலோ குடும்பங்களும் மீண்டும் வாஷிங்டனுக்கு வந்து எதிர்த்து நின்றன. 2024இல் நிறைவேறிய சட்டத்திலும் 1,500 மணி அப்படியே இருக்கிறது.