கம்ப்யூட்டர் சாவி யார் கையில்?

கடைக் கணக்கை வீட்டிலிருந்தபடியே நான் எழுதுவதைப் பற்றிப் போன இதழில் சொல்லியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு ஒரு சகோதரி, "கணக்குக் காட்ட ஆடிட்டர் ஆபீசுக்குக் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டா போவீர்கள்?" என்று கேட்டிருக்கிறார்.

தூக்க வேண்டியதே இல்லை. நாங்கள் இருப்பது கும்பகோணம், ஆடிட்டர் இருப்பது திருச்சி. அவர் ஆபீஸ் பெண் அங்கே உட்கார்ந்தபடியே எங்கள் கம்ப்யூட்டருக்குள் வந்து, டாலியில் தப்பு இருந்தால் திருத்திவிடுவாள். மாதா மாதம் 20-ம் தேதிக்குள் ஜி.எஸ்.டி. கட்டியாக வேண்டுமே! அதற்கு இரண்டு நாள் முன்பாக எங்கள் வீட்டில் இதுதான் வேலை.

எனி டெஸ்க், டீம் வியூவர் என்று இதற்கான புரோகிராம்கள் இருக்கின்றன. இரண்டுமே ஜெர்மனிக்காரர்கள் செய்தவை. எது ஆனாலும் இரண்டு பக்கமும் அதே புரோகிராம் இருக்க வேண்டும். எனி டெஸ்க்கை நம் கம்ப்யூட்டரில் திறந்தால் ஒரு நம்பர் காட்டும். அதைப் போனில் சொன்னால் அந்தப் பெண் தன் கம்ப்யூட்டரில் அடிப்பாள். 'இவரை உள்ளே விடலாமா?' என்று நம் திரையில் கேட்கும். சம்மதம் கொடுத்ததும் நம் திரையின் படம் இன்டர்நெட் வழியாக அவளுக்குப் போகிறது. அவள் அங்கே மௌஸை அசைப்பதும் எழுத்துக்களைத் தட்டுவதும் இங்கே வந்து வேலை செய்கிறது.

அம்பு தானாக ஓடுவதைப் பார்த்த என் மாமியார், "அப்போ அந்தப் பொண்ணுக்கு நம்ம வீடும் தெரியுமா? நான் நைட்டியோட நிக்கிறேனே!" என்று உள்ளே ஓடிவிட்டார். வீடு தெரியாது, திரைதான் தெரியும். ஆனால் திரையில் திறந்து கிடப்பது அத்தனையும் தெரியும். அதனால் வாட்ஸ்அப்பையும் பாங்க் பக்கத்தையும் முன்னாலேயே மூடிவிடுவேன். இங்கிருக்கும் ஃபைலை அங்கே எடுத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. எனவே, அவள் முடிக்கும் வரை நான் இடத்தை விட்டு எழுந்திருப்பதில்லை. கீரை ஆய்வதானாலும் கம்ப்யூட்டர் முன்னால்தான். அவள் நல்ல பெண்தான், சந்தேகமில்லை. வீட்டுக்குக் கொத்தனார் வந்தால் கூடவே நிற்கிறோம் இல்லையா? அது மாதிரிதான். முடிந்ததும் புரோகிராமையும் மூடிவிடுவேன்.

பெங்களூரில் இருக்கும் என் மகன், "சம்மதம் கேக்காமலே திறக்கிற மாதிரி ஒரு பாஸ்வேர்டு வெச்சிடலாம்மா, ராத்திரி நானே பாத்துக்கறேன்" என்றான். அதற்குக் கம்ப்யூட்டரை அணைக்காமல், தூங்கவும் விடாமல் வைத்திருக்க வேண்டுமாம். கரண்ட் பில்லை யார் கட்டுவது? வேண்டாம் என்றுவிட்டேன். ஆபீஸ் வேலைக்காக அவசியம் என்பவர்கள் வைத்துக்கொள்ளலாம். பாஸ்வேர்டு நீளமாக, வேறெங்கும் உபயோகிக்காததாக இருக்கட்டும். பிள்ளைகளின் பெயரும் பிறந்த தேதியும் கூடவே கூடாது.

இத்தனை விவரமாக எழுதக் காரணம் எங்கள் எதிர் வீட்டு டீச்சர் அக்கா. ரிடையர் ஆகி பென்ஷன் வாங்குபவர். ஒருநாள் மத்தியானம், "பாங்கிலிருந்து பேசுகிறேன். உங்கள் கே.ஒய்.சி. முடியவில்லை. சாயங்காலத்துக்குள் கணக்கு முடங்கிவிடும்" என்று ஒருவன் கூப்பிட்டிருக்கிறான். அவன் சொன்னபடி ஒரு புரோகிராமைப் போனில் இறக்கி, அதில் வந்த நம்பரையும் அக்கா சொல்லிவிட்டார். கேட்டதற்கெல்லாம் சம்மதம் என்று அழுத்தியிருக்கிறார். பிறகு, சோதனைக்காகப் பத்து ரூபாய் கட்டச் சொன்னானாம். அக்கா டெபிட் கார்டு நம்பரை ஒவ்வொன்றாக அடிக்க, அவன் அங்கே பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான். இரண்டு தடவையாக நாற்பத்தெட்டாயிரம் போய்விட்டது.

"ஓ.டி.பி.யை நான் யார்கிட்டயும் சொல்லவே இல்லியேம்மா!" என்று அழுதார். உண்மைதான், அவர் சொல்லவில்லை. சொல்ல அவசியமே இல்லையே! போனுக்கு வந்த எண்ணை அக்கா படிப்பதற்கு முன்பே அவன் படித்துவிட்டான். நாமெல்லாம் 'ஓ.டி.பி. சொல்லாதே' என்பதை மட்டும் மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிறோம். இப்படி நடக்கிறது என்று 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் பாங்க், எனி டெஸ்க் பெயரைச் சொல்லியே பாங்குகளை எச்சரித்திருக்கிறது. புரோகிராம் மேல் குற்றமில்லை. எங்கள் ஆடிட்டர் ஆபீஸ் பெண்ணுக்கு உதவும் அதே சாவிதான் அவனுக்கும் உதவியது.

அந்தப் பெண்ணை நாங்கள்தான் கூப்பிடுகிறோம், வருஷக்கணக்காக எங்களிடம் இருக்கும் நம்பரில். தானாகக் கூப்பிட்டு 'உங்கள் திரையைக் காட்டுங்கள்' என்கிறவர் பாங்க்காரர் என்றாலும், போலீஸ் என்றாலும் போனை வைத்துவிடுங்கள். நம் கணக்கைப் பார்க்கப் பாங்குக்கு நம் போன் எதற்கு?

அன்றைக்கு அக்காவின் போனில் முதலில் நெட்டை அணைத்தேன். பிறகு அந்தப் புரோகிராமை எடுத்தேன். என் போனிலிருந்து பாங்கைக் கூப்பிட்டுக் கார்டை நிறுத்தச் சொல்லிவிட்டு, உடனே 1930-க்குப் பேசினோம். பணமோசடிக்கென்று அரசாங்கம் வைத்திருக்கும் நம்பர் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணம் கைமாறுவதற்குள் தடுக்க அவ்வளவு வாய்ப்பு. இரண்டாவதாகப் போன இருபதாயிரம் வழியிலேயே நின்றது.

மீதிக்காக அக்கா பாங்குக்கு நடந்துகொண்டிருக்கிறார். போன திங்கட்கிழமை நானும் கூடப் போய், புகார் நகலைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கி வந்தேன்.