‘ஹாட்ஸ்பாட் பூஜ்யம்’ என்றால் தீயே இல்லை என்று அர்த்தமா?

வறண்ட காலம் வந்தாலே காப்பார், கிள்ளான் பக்கம் புகைமூட்டப் பயமும் வந்துவிடும். அப்போது செய்திகளில் அடிக்கடி அடிபடும் சொல் ‘ஹாட்ஸ்பாட்’. “இன்று நாட்டில் ஹாட்ஸ்பாட் இல்லை” என்று படித்துவிட்டு ஜன்னலைத் திறந்தால், கருகிய வாடை! எதை நம்புவது?

எப்படி அளக்கிறார்கள்?

எல்லாப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களை வெளியிடுகிறது. அதை அளக்கும் கருவி ரேடியோமீட்டர், அதாவது கதிர்வீச்சுமானி. சுவோமி என்பிபி துணைக்கோளில் உள்ள ‘வியர்ஸ்’ அந்த வகைதான். சுமார் 830 கிலோமீட்டர் உயரத்திலிருந்து, தரையை 375 மீட்டர் சதுரங்களாகப் பார்க்கிறது. சாதாரணத் தரை 10 மைக்ரோமீட்டர் அலைநீளத்தையொட்டி அதிகம் ஒளிரும். தீ 4 மைக்ரோமீட்டர் பக்கம். அந்த அலைநீளத்தில் ஒரு சதுரம் மட்டும் அக்கம்பக்கத்தைவிடப் பளிச்சென்று தெரிந்தால், அது ஹாட்ஸ்பாட்.

எங்கே கோட்டை விடுகிறது?

கவனியுங்கள், இந்தக் கருவி அளப்பது வெப்பத்தைத்தான், நீங்கள் சுவாசிக்கும் புகையை அல்ல. அடர்ந்த மேகம் மறைத்தால் தீ தெரியாது. துணைக்கோள் மதியமும் நள்ளிரவும் ஏறக்குறைய 1.30-க்குத்தான் கடக்கும், இடையில் எரிந்து அணைந்தது கணக்கில் வராது. கிள்ளான் ஜொகான் செத்தியாவில் இருப்பதுபோன்ற ‘தானா காம்புட்’ மண்ணில், தீ தரைக்கடியில் புகைந்துகொண்டே இருக்கும். மேலே வெப்பம் குறைவு, புகையோ ஏராளம்.

அதோடு, புகைக்கு எல்லை கிடையாது. 2005 ஆகஸ்ட் 11 அன்று போர்ட் கிள்ளான், கோலசிலாங்கூரில் காற்று மாசுக் குறியீடு 500-ஐத் தாண்டி, அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவில்தான் காப்பார். புகையில் பெரும்பகுதி வந்தது சுமத்ராவிலிருந்து.

நமக்கு ஏன் முக்கியம்?

2019 செப்டம்பரில் “புகை யாருடையது?” என்று மலேசிய, இந்தோனேசிய அமைச்சர்கள் வெளிப்படையாகவே மோதிக்கொண்டபோது, ஹாட்ஸ்பாட் எண்ணிக்கையும் ஆதாரமாக முன்வைக்கப்பட்டது. எங்கே எரிகிறது என்று காட்ட அது நல்ல ஆதாரம். ஆனால், எண்ணிக்கை குறைவு என்பதாலேயே ‘எங்களிடம் தீ இல்லை’ என்று யாரும் கைகழுவ முடியாது.

அதனால், ஓடப் போகலாமா, பிள்ளைகளைத் திடலுக்கு விடலாமா என்று முடிவெடுக்க ஹாட்ஸ்பாட் வரைபடம் போதாது. உங்கள் வட்டாரக் காற்று மாசுக் குறியீட்டைப் பாருங்கள்: 100-ஐத் தாண்டினால் ஆரோக்கியமற்றது, 300-ஐத் தாண்டினால் அபாயம். அருகில் நிலம் புகைவதைக் கண்டால் 999-க்கு அழையுங்கள். துணைக்கோள் அதைப் பார்க்காமலே போகலாம், நீங்கள் பார்த்துவிட்டீர்கள்.