சர்ப்பமும் சர்ப்பிஸும்

1919 ஜூலை 7, ஜப்பானியரின் விண்மீன் திருநாளான தனபாதா. அன்று கடைக்கு வந்த புளிப்பும் இனிப்புமான பால் பானத்துக்கு மிஷிமா கைஉன் 'கால்பிஸ்' என்று பெயர் வைத்திருந்தார். பௌத்தக் கோயில் வீட்டுப் பிள்ளை அவர். உள்மங்கோலியாவுக்குப் போன இடத்தில் மேய்ச்சல்காரர்கள் கொடுத்த புளித்த பாலைக் குடித்து, அந்த ருசியை மறக்காமல் ஊர் திரும்பியவர். பெயரின் முற்பாதி கால்சியம். பிற்பாதி சர்ப்பிஸ், அதாவது வடமொழியில் நெய். பாலின் ஐந்து பக்குவங்களைப் பேசும் பௌத்த மரபிலிருந்து அவர் எடுத்த சொல் அது. சர்ப்பத்துக்கும் சர்ப்பிஸுக்கும் வேர் ஒன்றே, வழுக்கிச் செல்வது என்று பொருள் என்பார்கள் பழைய வடமொழி இலக்கணக்காரர்கள். மிஷிமாவுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லாத இன்னொரு வகையிலும் அவருடைய பானத்துக்குள் ஒரு பாம்பு இருந்தது.

அந்தப் பாம்பின் ஊர் பிரேசில். பெயர் ஜராராகா, விரியன் இனம். கடிபட்டவரின் இரத்த அழுத்தம் சரிந்துவிடும். அதன் விஷத்திலிருந்து, இரத்தக் குழாய்களைத் தளர்த்தும் பிராடிகைனினுக்கு வலுவூட்டும் ஒரு பொருளை 1965இல் செர்ஜியோ ஃபெரைரா விவரித்தார். பிறகு அதை லண்டனில் ஜான் வேனின் ஆய்வகத்துக்குக் கொண்டுபோனார். இரத்தக் குழாய்களை இறுக்கும் ஆஞ்சியோடென்சினை உருவாக்குகிற நொதியை இந்த விஷத்துணுக்குகள் முடக்குகின்றன என்பது அங்கே தெளிவாயிற்று. துணுக்குகள் எல்லாம் பெப்டைடுகள், அமினோ அமிலங்களை மணிகளாகக் கோத்த குட்டிச் சரங்கள். அவற்றில் டெப்ரோடைடு என்பது ஒன்பது மணிச் சரம். அதன் வால் நுனியில் மூன்று மணிகள்: ஐசோலூசின், புரோலின், புரோலின். ஊசியாகப் போட்டால் அழுத்தம் இறங்கியது, விழுங்கினால் ஒன்றுமில்லை. ஸ்க்விப் நிறுவனத்தின் குஷ்மனும் ஒண்டெட்டியும் அந்த வால் நுனியை முன்மாதிரியாக வைத்து, விழுங்கத்தக்க சிறிய மூலக்கூறு ஒன்றைச் செய்தார்கள். 1981இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கேப்டோபிரில் அதுதான்.

உணவு விஞ்ஞானிகள் அதுவரை புரதத்தை எடைபோட்டுத்தான் பழகியிருந்தார்கள். எலும்பைக் கொதிக்கவைத்து எடுத்த ஜெலட்டின் சூப்பைப் பாரிஸ் ஏழைகளுக்கு ஊற்றிய காலம் ஒன்று உண்டு. அதை மட்டும் தின்று நாய்கூடப் பிழைக்காது என்று மஜாந்தி தலைமையிலான குழு 1841இல் அறிக்கை எழுதியது. அதே ஜெலட்டினை 1979இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பாக்டீரியா நொதியால் நறுக்கிப் பார்த்தார்கள். கிடைத்த துண்டுகள் ஜராராகா விஷம் முடக்கிய அதே நொதியை முடக்கின. முழுச் சரமாக இருக்கும்வரை வாய் திறக்காத புரதம் உடைந்த பிறகு பேசத் தொடங்குகிறது என்பது, என் கணக்கில், இந்தத் துறையின் உண்மையான கண்டுபிடிப்பு. 1982இல் பாலின் கேசினும் அதே வரிசையில் சேர்ந்தது.

பிறகு கால்பிஸ் நிறுவனமே தன் புளித்த பாலைப் பிரித்துப் பார்த்தது. 1995இல் வெளியான முடிவு: லாக்டோபேசில்லஸ் ஹெல்வெடிகஸ் என்ற பாக்டீரியா கேசினைக் கடித்துப் போட்ட மிச்சத்தில் இரண்டு மும்மணிச் சரங்கள். ஒன்று வேலின், புரோலின், புரோலின். மற்றது ஐசோலூசின், புரோலின், புரோலின். ஜராராகாவின் வால் நுனி, மணி பிசகாமல்! உயிர் கொல்லும் விஷமும் பிள்ளைகள் குடிக்கும் பாலும் ஒரே மூன்று எழுத்தில் முடிவதைப் பார்த்தால் யாருக்குத்தான் தலை சுற்றாது? 'முதல் காதலின் சுவை' என்று விளம்பரம் செய்து வளர்ந்த நிறுவனம் மில்லிமீட்டர் பாதரசக் கணக்கு பேச ஆரம்பித்தது. 1991இல் ஜப்பான் வகுத்த செயலுணவு விதிகளின்கீழ், 1997இல் 'அமீல் எஸ்' என்ற பானத்துக்கு அனுமதியும் கிடைத்தது.

வடிவம் ஒன்றானால் வலிமையும் ஒன்றாகிவிடாது. சோதனைக் குழாயில் அந்த நொதியைப் பாதி அடக்க, கேப்டோபிரிலைவிட நூறு மடங்குக்கும் மேலான செறிவில் இந்தச் சரங்கள் தேவைப்படுகின்றன. புரோலின் இணைப்புகளை அறுப்பது கடினம் என்பதால் குடலைத் தாண்டிச் சில தப்புகின்றன. ஆனால் இரத்தத்தில் எட்டும் அளவு லிட்டருக்கு ஒரு மோலின் லட்சம் கோடியில் சில நூறு பங்கு. ஜப்பானிய ஆய்வுகளில் நன்றாகவே இறங்கிய அழுத்தம், நெதர்லாந்தில் 135 பேரிடம் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வில் அசையவில்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2012இல், காரணகாரியத் தொடர்பு நிறுவப்படவில்லை என்று சொல்லிவிட்டது. இந்தத் தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன். பாம்பின் உறவு என்பது ஆராய்ச்சியைத் தொடங்கப் போதும். பாட்டிலில் ஒட்டப் போதாது.

நம்மூர் மோரிலும் இந்தச் சரங்கள் உண்டா என்று கேட்பவர்களுக்கும் அவசரம் வேண்டாம். எந்தப் பாக்டீரியா புரதத்தை எங்கே வெட்டுகிறது என்பதைப் பொறுத்தது அது. எல்லாப் புளிப்பும் ஒன்றல்ல.

இவ்வளவுக்கும் ஆரம்பமான மனித ஆய்வு 1996இல் வந்தது. உயர் இரத்த அழுத்தம் உள்ள முதியவர்கள் நாளுக்கு 95 மில்லிலிட்டர் புளித்த பாலை எட்டு வாரம் குடித்தார்கள், அழுத்தம் இறங்கியது. அவர்களில் பெரும்பாலோர் அழுத்த மாத்திரையையும் நிறுத்தவில்லை. பாலோடு சேர்த்து அதையும் விழுங்கிக்கொண்டுதான் இருந்தார்கள்.