ரயில் ஏற்றிவிட்டது யார்?

தன்பாத்திலிருந்து ஆலப்புழை செல்லும் எக்ஸ்பிரஸ் ரயில் திருப்பூர் ஸ்டேஷனில் நிற்கும்பொழுது, முன்பதிவில்லாத பெட்டிகளிலிருந்து இறங்குகிறவர்களை ஒரு தடவை போய்ப் பாருங்கள். தோளில் ஒரு பை, கையில் ஒரு பிளாஸ்டிக் வாளி, கண்களில் இரண்டு இரவுத் தூக்கம். வெளியே வேனுடன் காண்டிராக்டரின் ஆள் நிற்கிறான். மூட்டைகளை எண்ணி வாங்குவது போல, தலைகளை எண்ணி ஏற்றிக்கொண்டு போகிறான்.

எதிரே உள்ள டீக்கடையில் பேச்சு நடக்கிறது: "வந்துட்டானுங்க பாருங்க. இனி நம்ம பசங்களுக்கு வேலை ஏது, கூலி ஏது?"

இப்படிப் பேசுகிறவர் முதலாளி அல்ல. இருபது வருஷம் பவர் டேபிளில் உட்கார்ந்து முதுகு தேய்ந்த தொழிலாளி. ஆகையால் அவரைக் கண்டித்துவிட்டுப் போவது நம் வேலையல்ல. அவருடைய கூலி ஏறவில்லை என்பது உண்மை. அவருடைய கோபமும் நியாயமானது. யார்மேல் கோபப்பட வேண்டும் என்பதுதான் கேள்வி.

சோம்பேறி யார்?

பீகார் ஏன் ஏழையாக இருக்கிறது என்று கேட்டால், "அங்கே ஜனங்கள் சோம்பேறிகள்" என்று சில மேதாவிகள் பதில் சொல்கிறார்கள். அதே மேதாவிகளிடம், தமிழ்த் தொழிலாளியை ஏன் வேலைக்கு எடுப்பதில்லை என்று கேளுங்கள். "நம்மாள் சோம்பேறி, பீகார்ப் பையன்தான் உழைப்பாளி" என்பார்கள்! அங்கே சோம்பேறியாக இருந்தவன் காட்பாடி தாண்டியதும் உழைப்பாளியாகிவிட்டானா? எந்த ஊர்த் தொழிலாளி தன் ஊரில் நின்று உரிமை கேட்கிறானோ அவனே சோம்பேறி. எவன் ஊர்விட்டு ஊர் வந்து வாய் திறக்காமல் 12 மணி நேரம் நிற்கிறானோ அவனே உழைப்பாளி. இதுதான் முதலாளியின் அகராதி.

உண்மை நிலவரம் என்ன? நிதி ஆயோக் 2023ல் வெளியிட்ட பல்பரிமாண வறுமைக் கணக்குப்படி பீகாரில் 100க்கு 33.76 பேர் ஏழைகள். தமிழ்நாட்டில் 2.20, கேரளத்தில் 0.55. அதே 2023ல் பீகார் சர்க்காரே எடுத்த கணக்கெடுப்பில், 34 சதவீதத்துக்கு மேற்பட்ட குடும்பங்களின் மாத வருமானம் 6,000 ரூபாய்க்குள்தான் என்று தெரியவந்தது. ஒரு நாளைக்கு 200 ரூபாயில் ஒரு குடும்பம்! ரயில் ஏறாமல் என்ன செய்வான்?

ஜமீன் போட்ட விலங்கு

இந்த வறுமை வானத்திலிருந்து விழவில்லை. 1793ல் கார்ன்வாலிஸ் கொண்டுவந்த நிரந்தர நிலவரித் திட்டம் வங்காளம், பீகார் மண்ணை ஜமீன்தார்களிடம் ஒப்படைத்தது. உழுதவன் எலும்பானான்; ஜமீன்தார் யானை கட்டினான். ராமநாதபுரம், சிவகங்கை ஜமீன்களை அறிந்த நம் பக்கத்து ஜனங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சுதந்திரம் வந்தபின் 1950ல் பீகாரில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. தர்பங்கா மகாராஜா கோர்ட்டுக்குப் போனார். 1951ல் பாட்னா ஹைகோர்ட் சட்டம் செல்லாது என்றது. அரசியல் சட்டத்துக்கே முதல் திருத்தம் கொண்டுவந்துதான் காரியத்தை நடத்த வேண்டியிருந்தது. அதற்கப்புறமும் நிலம் பினாமிப் பெயர்களில் பதுங்கிக்கொண்டது. 2006ல் பந்தோபாத்யாய் தலைமையில் நிலச் சீர்திருத்தக் கமிஷன் போட்டார்கள். வாரத்துக்கு உழுகிறவனுக்குச் சட்டப் பாதுகாப்பு கொடு, உச்சவரம்பை ஒழுங்காக அமல் நடத்து என்று 2008ல் கமிஷன் அறிக்கை கொடுத்தது. அறிக்கை அலமாரிக்குப் போயிற்று. வாரதாரன் ரயிலுக்குப் போனான்.

இரும்புக்கு ஒரு நீதி, பருத்திக்கு ஒரு நீதி

அடுத்த அடி டில்லியிலிருந்து விழுந்தது. இரும்பும் நிலக்கரியும் விளைந்த தன்பாத், ஜாம்ஷெட்பூர் எல்லாம் 2000ம் ஆண்டுவரை பீகாரில் இருந்தவை. 1950களில் மத்திய சர்க்கார் சரக்குக் கட்டணச் சமன்பாடு என்று ஒன்றைக் கொண்டுவந்தது. உருக்கு எங்கே உற்பத்தியானாலும் நாடெங்கும் ஒரே விலை. தூரத்துக்கு உண்டான ரயில் சார்ஜை எல்லோர் தலையிலும் பரப்பிவிடுவது. கேட்க நல்ல சமத்துவம்! ஆனால் பலன் என்ன? உருக்காலையின் வாசலில் தொழில் தொடங்குகிறவனுக்கும் பம்பாயில் தொடங்குகிறவனுக்கும் ஒரே விலை. அப்புறம் எந்த முதலாளி துறைமுகத்தை விட்டுவிட்டு பீகாருக்கு வருவான்? மேற்கிலிருந்து பீகாருக்குப் பருத்தி போகவேண்டுமென்றால் மட்டும் முழு ரயில் சார்ஜ். பருத்திக்குச் சமத்துவம் கிடையாது!

1990களின் தொடக்கத்தில் இதைக் கைவிட்டார்கள். அதற்குள் ஏறக்குறைய நாற்பது வருஷம் ஓடிவிட்டது. தெற்கே எழுந்த ஆலைகளும் இந்தச் சலுகையை அனுபவித்தவை என்பதை மறைக்காமல் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

"கனிமம் போனதுதானே காரணம்?" என்று கேட்கலாம். கனிமம் முழுவதும் கைவசமிருக்கும் ஜார்க்கண்டைப் பாருங்கள். அங்கேயும் 100க்கு 28.81 பேர் ஏழைகள்! பூமிக்கடியில் செல்வம் இருந்து பயனில்லை. அது யார் கைக்குப் போகிறது என்பதே விஷயம்.

பாங்கிகளின் கதையும் இதுவே. 2020க்கு முந்திய வருஷங்களில் பீகார் ஜனங்கள் பாங்கியில் போட்ட ஒவ்வொரு 100 ரூபாயிலும் அந்த ராஜ்யத்துக்குள் கடனாகத் திரும்பியது பாதிகூட இல்லை. தமிழ்நாட்டிலோ போட்டதற்கு மேலேயே கடன் கிடைத்தது. ஏழையின் சேமிப்பு முதலில் ரயில் ஏறியது. பின்னால் ஏழையும் ஏறினான்.

"இப்பொழுது பீகாரும் வேகமாக வளர்கிறதே" என்கிறார்கள் புள்ளிவிவரப் பண்டிதர்கள். 10 ரூபாய்க்காரனுக்கு 10 சதவீதம் ஏறினால் 1 ரூபாய். 50 ரூபாய்க்காரனுக்கு 6 சதவீதம் ஏறினால் 3 ரூபாய். யாருக்கு யார் சமமானார்கள்? தமிழ்நாட்டின் தலைவீத வருமானம் பீகாரைப் போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு. வளர்ச்சி வரும், பொறுத்திரு என்பது பசித்தவனுக்குப் பஞ்சாங்கம் படிப்பது.

ரிஜிஸ்டரில் இல்லாத கை

சில மாதங்களுக்கு முன் இரவு பத்து மணிக்கு எங்கள் சங்க அலுவலகத்துக்கு இரண்டு தமிழ்த் தொழிலாளர்கள் ஒரு பீகார்ப் பையனைக் கூட்டிவந்தார்கள். சாயப்பட்டறை ரோலரில் சிக்கி வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன. காண்டிராக்டர் கட்டுப் போட்டு, கையில் கொஞ்சம் பணமும் டிக்கெட்டும் கொடுத்து, ஸ்டேஷனில் விட்டுப் போய்விட்டான். மறுநாள் பட்டறைக்குப் போனோம். "அவன் எங்க ஆளே இல்லீங்க" என்றார் மானேஜர். ரிஜிஸ்டரைப் பார்த்தோம். பெயர் இல்லை, ஈ.எஸ்.ஐ. இல்லை. இன்று நஷ்டஈட்டு வழக்கு நடக்கிறது. சாட்சி சொல்ல முன்வந்திருப்பவர்கள் அந்த இரண்டு தமிழர்களே. அவர்களில் ஒருவர் என்னிடம் சொன்னார்: "நானும் இவனுங்களைத் திட்டினவன்தான் தோழர். அந்தக் கையைப் பார்த்தப்புறம் வாய் வரல."

பெயரில்லாத தொழிலாளியைக் கொண்டுதான் பெயருள்ள தொழிலாளியின் கூலியை மட்டுப்படுத்துகிறார்கள். இதுவே டீக்கடைத் தோழருக்கு நம் பதில்.

சட்டம் இருந்ததே? இருந்தது. 1979ம் ஆண்டுச் சட்டப்படி, ஐந்து வெளிராஜ்யத் தொழிலாளர்கள் இருந்தாலே பதிவு செய்ய வேண்டும். ஊர்விட்டு வந்ததற்குத் தனிப் படியும் தர வேண்டும். அதையும் ஒழுங்காக அமல் நடத்தியவர் இல்லை. 2020ல் நிறைவேற்றி 2025 நவம்பரில் அமலுக்குக் கொண்டுவந்த புதிய சட்டத் தொகுப்பிலோ ஐந்து என்பது பத்தாகிவிட்டது. அந்தப் படியும் மாயமாகிவிட்டது.

கணக்கில் வைக்காததன் விளைவை 2020 மார்ச்சில் நாடே பார்த்தது. நாலு மணி நேர அவகாசத்தில் நாட்டைப் பூட்டினார்கள். லட்சோபலட்சம் பேர் நடந்தார்கள். மே 8ம் தேதி அவுரங்காபாத் அருகே தண்டவாளத்தில் அசந்து தூங்கிய 16 தொழிலாளர்கள் சரக்கு ரயிலில் அரைபட்டு மாண்டார்கள். ஊர் திரும்பும் வழியில் எத்தனை பேர் செத்தார்கள் என்று பார்லிமெண்டில் கேட்டபொழுது, கணக்கு இல்லை என்றது மத்திய சர்க்கார்!

நாமும் ரயில் ஏறியவர்களே

கங்காணி எண்ணி ஏற்றிய தலைகள் ஒரு காலத்தில் நம் தலைகள் அல்லவா? இலங்கைத் தேயிலைக்கும் மலேயா ரப்பருக்கும் போனது யார்? 1948ல் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் லட்சக்கணக்கான தோட்டத் தொழிலாளரை நாடற்றவர்களாக்கிற்று. 1966ல் தோன்றிய சிவசேனை, வேலையைப் பறிக்க வந்த மதராஸி என்று பம்பாயில் நம்மவரை விரட்டிற்று. அன்று நமக்கு வலித்த சொல்லை இன்று நாம் சொல்லலாமா? 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகாரிகளை வெட்டுகிறார்கள் என்று பொய் வீடியோக்களைப் பரப்பினார்கள். பயந்து ஊருக்கு ஓடியவன் தொழிலாளி. லாபமடைந்தது யார் என்பதை யோசித்துப் பாருங்கள்.

தோழர்களே! பீகாரில் உழுகிறவனுக்கு நிலம் வேண்டும். அவன் சேமிப்பு அவன் மண்ணுக்குத் திரும்ப வேண்டும். இங்கே ஒரே வேலைக்கு ஒரே கூலி, எல்லோர் பெயரும் ரிஜிஸ்டரில், எல்லோருக்கும் ஈ.எஸ்.ஐ., பறித்த படி திரும்ப வேண்டும். இந்தித் திணிப்பை எதிர்ப்பது வேறு, இந்தி பேசும் தொழிலாளியோடு பேசுவது வேறு. இனிமேல் பட்டறை வாசலில் நாம் கொடுக்கும் நோட்டீஸ் ஒரு பக்கம் தமிழிலும் மறுபக்கம் இந்தியிலும் இருக்கட்டும். காண்டிராக்டரின் வேன் வருவதற்கு முன்னால் நாம் ஸ்டேஷனுக்குப் போய் நிற்போம்!