ஒயரில் மிச்சம் பிடிக்காதீர்கள்



நம்மில் பலர் சொந்தமாக ஒரு பழைய சரக்கு வண்டி வைத்திருக்கிறோம். அது சூடாகிக் கொதித்தால், எலெக்ட்ரிக் ஃபேன் மாட்டிவிடலாம் என்று பட்டறையில் யோசனை சொல்வார்கள். யோசனை தவறல்ல. அதற்கு ஒயர் போடும் விதத்தில்தான் வினை இருக்கிறது. நான் பட்ட பாட்டை மற்றவர்கள் படக்கூடாது என்றே இதை எழுதுகிறேன்.

என்னிடம் இருந்த 407 வண்டி, விருதுநகரில் லோடு ஏற்றிக் கம்பம் தாண்டிக் குமுளி மலை ஏறும்போதெல்லாம் கொதிக்கும். காரில் கழற்றிய ஃபேன் ஒன்றை ரேடியேட்டர் முன்னால் மாட்டச் சொன்னேன். தனி ஒயரும் ரிலேயும் வாங்கப் பட்டறைக்காரர் சில நூறு ரூபாய் கேட்டார். "கோடவுனில் லைட்டுக்குப் போட்ட ஒயர் மிச்சம் கிடக்கிறது, அதைப் போடுங்கள்" என்றேன். சாவி சுவிட்சிலிருந்தே கரண்ட் எடுத்து மாட்டிவிட்டார்கள். ஃபியூஸ்கூட இல்லை. பட்டறையில் ஃபேன் நன்றாகத்தான் ஓடியது.

மூன்றாவது நடையில், மலை ஏற்றத்தில், டேஷ்போர்டுக்குள்ளிருந்து புகை வந்தது. பின்னால் இரண்டு டன் வத்தலும் பருப்பும். டிரைவர் வண்டியை ஓரங்கட்டி, உருகிக்கொண்டிருந்த ஒயரை வெறுங்கையால் பிடுங்கி எறிந்தார். கிளீனர் மண்ணை வாரிப் போட்டு அணைத்தார். போனில் அவர் முதலில் சொன்னது, "அண்ணாச்சி, சரக்குக்கு ஒண்ணும் இல்ல" என்பதுதான். கை வெந்ததை மறுநாள் நேரில் பார்த்தபோதுதான் தெரிந்துகொண்டேன். அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது. அது என் சிக்கனத்தின் தழும்பு.

பிறகுதான் விவரம் கேட்டேன். கணக்கு நமக்குப் புரிகிற கணக்குதான். 240 வாட் ஃபேன் வீட்டில் 230 வோல்ட்டில் ஓடினால் ஓர் ஆம்பியர் சொச்சம்தான் இழுக்கும். அதே 240 வாட் வண்டியின் 12 வோல்ட்டில் 20 ஆம்பியர் இழுக்கும். சுழல ஆரம்பிக்கும் கணத்தில் இன்னும் அதிகம். லைட்டுக்குப் போட்ட மெல்லிய ஒயர் இதைத் தாங்குமா? வோல்ட் குறைவுதானே, ஷாக் அடிக்காதே என்று நாம் அலட்சியமாக இருக்கிறோம். ஷாக் அடிக்காதுதான், ஆனால் தீப்பிடிக்கும்.

ஆகவே, இப்படி ஃபேன் மாட்டுபவர்கள் சிலவற்றைக் கேட்டு வாங்க வேண்டும். 6 சதுர மில்லிமீட்டர் வண்டி ஒயர் பேட்டரியிலிருந்து நேராக வரவேண்டும். அதில் 30 ஆம்பியர் ஃபியூஸ், பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கவேண்டும். ஃபியூஸ் காப்பது ஃபேனை அல்ல, ஒயரை. ஃபியூஸுக்கு முன்னால் உள்ள ஒயருக்குக் காவல் கிடையாது. பெரிய கரண்ட் ரிலே வழியாகப் போகட்டும். ரேடியேட்டரில் உள்ள சூட்டு சுவிட்சும் சாவியும் ரிலேக்கு உத்தரவு போட்டால் போதும். எர்த் ஒயரும் அதே கனத்தில், பெயின்ட்டைச் சுரண்டிய இரும்பில் முறுக்கப்பட வேண்டும். காற்று எஞ்சின் பக்கம் போகிறதா என்று பார்க்கவேண்டும். ஒயர் மாறினால் ஃபேன் எதிர்ப்பக்கம் சுழலும். பழைய ஆல்டர்னேட்டர் ஹெட்லைட்டோடு இந்தச் சுமையையும் தாங்குமா என்றும் சோதிக்க வேண்டும்.

பெரிய லாரிகளில் 24 வோல்ட். அதற்கு 24 வோல்ட் ஃபேனே வேண்டும். இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்தால், அந்த பேட்டரி சீக்கிரம் கெடும்.

இன்னொன்று. பெல்ட்டில் ஓடும் பழைய ஃபேன் நன்றாக இருந்தால் அதைக் கழற்றவே வேண்டாம். பாரம் ஏற்றி மலை ஏறும் வண்டிக்கு, கார் ஃபேன் துணையாகலாமே தவிர மாற்றாகாது. முதலில் ரேடியேட்டர் அடைப்பையும் பெல்ட்டின் தொய்வையும் பாருங்கள். பல வண்டிகளுக்கு அதுவே போதும்.

பழைய வண்டிக்கு இத்தனை செலவா என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு மூட்டை வத்தலின் விலையை நினைத்துப் பார்த்தால் இது செலவே அல்ல. கடைக்குப் பூட்டு வாங்கும்போது நாம் பேரம் பேசி மட்டமானதை வாங்குவதில்லை. வண்டியில் போவது நம் சரக்கு மட்டுமல்ல, நம்மை நம்பி வந்த இரண்டு உயிர்களும்.

எட்டு வருடம் தாண்டிய வண்டியை ஆண்டுதோறும் எப்.சி.க்குக் கொண்டு போகிறோம். அதற்கு முன்பு, நல்ல ஆட்டோ எலெக்ட்ரீஷியன் ஒருவரை வைத்து, உறுப்பினர் வண்டிகளின் ஒயரிங்கை ஒருநாள் பார்க்கச் சங்கம் ஏற்பாடு செய்யலாம். நிர்வாகிகள் இதைப் பரிசீலிக்க வேண்டுகிறேன். அதுவரை, இன்று மாலை வண்டி திரும்பியதும் பானெட்டைத் திறந்து, ஃபேனுக்குப் போகும் ஒயரில் ஃபியூஸ் இருக்கிறதா என்று நீங்களே ஒருமுறை பாருங்கள்.