கூரையின் வெப்பமும் வீட்டின் மின்செலவும்

நமது பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களில் நாட்டு ஓட்டு வீடுகள் பல இடிக்கப்பட்டு, அவ்விடங்களில் காங்கிரீட் மெத்தை வீடுகள் எழும்பிவருவதை யாவரும் அறிவர். மழைக்கு ஒழுகாமையும், மாடியில் மக்காச்சோளமும் மிளகாயும் உலர்த்தும் சௌகரியமும் அவற்றிற்கு உண்டு. அவற்றைக் குறைகூற நாம் முற்படவில்லை. ஆயினும் சித்திரை, வைகாசி இரவுகளில் அவ்வீடுகளுள் நித்திரை கொள்வது எத்தகையது என்பதைக் களத்துமேட்டில் கட்டில் போட்டுப் படுக்கும் குடியானவர்களே சொல்வார்கள். இவ்வெப்பத்தை ஓட்ட மின்விசிறி, அதன்பின் ஏர்கூலர், அதன்பின் ஏ.சி. என்று வாங்கிக்கொண்டே போகிறோம். முதல் ரூபாய் கூரைக்குச் செலவாக வேண்டும், இயந்திரத்திற்கு அன்று என்பதே நமது அபிப்பிராயம்.

காரணம் வெளிப்படை. நம் ஊர்கள் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 11 பாகையில் உள்ளன. ஆதலால் சித்திரை முதல் வாரத்திலும், மறுபடி ஆவணி முதல் வாரத்திலும், நடுப்பகலில் சூரியன் நேரே நம் தலைக்குமேல் நிற்கிறது. அப்போது வெயிலைப் பெரிதும் தாங்குவது சுவரன்று, கூரையே. காங்கிரீட் தளம் பகலெல்லாம் உஷ்ணத்தைக் குடித்து, விளக்கு வைத்த பின்னர் அதனைக் கீழே விடுகிறது. மின்விசிறி அந்தச் சூட்டுக் காற்றையே சுழற்றுகிறதேயன்றி வேறொன்றும் செய்வதில்லை.

இதற்குரிய மருந்து நம் காலடியிலேயே கிடக்கிறது. ஒரு காலத்தில் கடலாயிருந்த அரியலூர்ப் பூமியின் சுண்ணாம்புக்கல் சிமெண்டு ஆலைகளுக்கு லாரி லாரியாகப் போகிறது. நம் கூரைக்குமட்டும் ஒரு கூடைச் சுண்ணாம்பு ஏறுவதில்லை! பங்குனியில் மாடியைக் கூட்டிக் கழுவி, வெடிப்புகளை அடைத்து, ஓர் இரவு ஊறிய சுண்ணாம்பைத் துணியில் வடிகட்டி, பிடிப்பிற்குக் கஞ்சியேனும் பசையேனும் கலந்து, முதற்பூச்சு காய்ந்தபின் குறுக்காக இரண்டாம் பூச்சும் கொடுக்கவேண்டும். வெண்மையான பரப்பு வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பியனுப்பிவிடும். மழை இதனைக் கரைக்குமாதலால் ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டும். லாரிப் புழுதி படியும் ஊர்களில் இடையே ஒருமுறை கழுவுவதும் நலம். தானியத்தில் சுண்ணாம்பு ஒட்டுமே என்பார்க்குத் தார்ப்பாய் இருக்கிறது. புதிதாய்க் கட்டுவோர் தளத்தின்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்துத் தட்டோடு பதிக்கும் பழைய முறையைக் கைவிடலாகாது. கொத்தனார் அது வீண் செலவென்றால் அவர் பேச்சைக் கேட்கவேண்டாம்.

கூரை குளிர்ந்தபின் விசிறியைக் கவனிப்போம். சாதாரண விசிறி சுமார் 75 வாட்டும், பி.எல்.டி.சி. விசிறி சுமார் 30 வாட்டும் எடுப்பவை. நாளொன்றுக்கு 16 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் விசிறி ஒன்றுக்கு 43 அலகு மிச்சம். வீட்டு மின்சாரத்தில் இரண்டு மாதத்திற்கு 100 அலகு 2016-இல் இலவசமாக்கப்பட்டதை எண்ணினால் இது அற்பமன்று. மாடியில் சூரியத் தகடு வைப்போருக்கு 2024-இல் தொடங்கிய மத்திய சர்க்கார் திட்டம் 3 கிலோவாட்டிற்கு 78,000 ரூபாய் மானியம் அறிவித்தது. நல்லதே. ஆனால் கூரையைக் கொதிக்கவிட்டு, அக்கொதிப்பை ஆற்றத் தகட்டை மாட்டுவது ஓட்டைக் கவலையால் நீர் இறைப்பதையொக்கும்.

அடுப்பின் விஷயம் வயலையும் தொடுவதால் சிறிது விரித்துரைப்போம். பருத்தி எடுப்பு முடிந்ததும் பருத்திமாரை வீட்டோரம் போராக அடுக்கி, அடுத்த பருவம்வரை விறகாக எரிக்கிறோம். அதில் தங்கிய வெடிக்காத காய்களில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு உறங்கியிருந்து, அடுத்த பருத்தி பூக்கும் சமயம் அந்தாகப் புறப்படுகிறது. விறகை மிச்சம் பிடித்ததாக எண்ணி மகசூலை இழக்கிறோம். வரட்டி தட்டுவதும் இத்தகையதே. சாணத்தை எரித்தால் தழைச்சத்து புகையோடு போய்ச் சாம்பலே மிஞ்சும். நான்கைந்து மாடுகள் உள்ளவர்கள் 2 கன மீட்டர்ச் சாண எரிவாயுக் கலம் அமைக்கலாம். நாளொன்றுக்கு 50 கிலோ சாணமும் அதே அளவு நீரும் வேண்டும். அதன் வாயு ஏறக்குறைய 16, 17 நாட்களில் 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றிற்கு ஈடாகும். வெளிவரும் கரைசலில் தழைச்சத்து அழியாமல் எருக்குழிக்கு வந்துசேரும். கதர் கிராமத் தொழில் கமிஷன் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகப் பரப்பிவந்த முறை இது. மாடு விற்றுவிட்டவர்கள் இதனை நினைக்கவேண்டாம். காலிக் கலங்கள் ஊருக்கு ஒன்றிரண்டு போதும். அவர்கள் புகைபோக்கியுள்ள அடுப்பை வைத்து, பருத்திமாரை உடனே தூளாக்கி உழுதுவிடுவார்களாக.

கிராம அதிகாரிகளுக்கு ஒரு வார்த்தை. பயிருக்குச் சோதனை வயல் போடுவதுபோல, பங்குனிக்குள் பஞ்சாயத்துக் கட்டிடத்தின் கூரையில் பாதிக்குமட்டும் சுண்ணாம்பு பூசி, மற்றப் பாதியை அப்படியே விடுங்கள். சித்திரை மாதத்தில் மாலை ஏழு மணிக்கு இரு பாதிகளின் கீழும் ஒரு ஏணி வைத்து, வருகிற குடியானவர்களைத் தளத்தின் அடிப்புறத்தைக் கையால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.