இல்லாத இனத்துக்கு இரவல் இசை

உலகில் இல்லாத ஓர் இனத்தைக் கற்பனையில் படைத்து, அதற்கென ஒரு நாடும் மொழியும் வழிபாடும் இசையும் வகுத்துக் கொடுப்பது இன்று கலை உலகில் பெருவழக்காகிவிட்டது. திரைப்படத்துக்கு அது தேவைப்படுகிறது; கணினி விளையாட்டுக்கும் தேவைப்படுகிறது. அந்த இனம் அச்சமூட்டும் இனமாக அமைந்துவிட்டால் வேலை இன்னும் எளிதாகிறது. இருண்ட ஒரு குகை, எரியும் பந்தங்கள், நடுவே ஒரு பலிபீடம். இவற்றுக்குப் பொருத்தமாக, கேட்டவர் நெஞ்சு நடுங்கும்படி ஒரு சடங்கிசை! அந்த இசையை எங்கிருந்து எடுக்கிறார்கள்? பறையிலிருந்து எடுக்கிறார்கள், ஒப்பாரியிலிருந்து எடுக்கிறார்கள், பக்கீர்களின் தாயிராவிலிருந்தும், அரபு நாடுகளின் நீண்ட ஆலாபனையிலிருந்தும் எடுக்கிறார்கள். மேலைநாட்டு மின்கருவிகளோடு அவற்றைக் கலந்து, இதுவரை எவரும் கேளாத இசை என்று விலை கூறுகிறார்கள்.

எவரும் கேளாத இசையா? இராயபுரத்திலும் காசிமேட்டிலும் தண்டையார்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் பிறந்து வளர்ந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். அண்டை வீட்டுச் சாவில் விடிய விடிய ஒலித்த தாளம் அது என்பார்கள். கந்தூரி நாளில் பச்சைத் தலைப்பாகைப் பக்கீர்சா தெருவோடு கொட்டிப் போன தாளம் அது என்பார்கள். உடைமைக்கு உரியவர் கண்முன்னே நிற்க, உரியவரே இல்லாத பொருள் போல அதை எடுத்து, இல்லாத ஓர் இனத்தின் பெயரில் பதிவு செய்வது எவ்வகை நியாயம் என்பதே நம் கேள்வி.

இசை கூடுமா கூடாதா என்ற பழைய வாதத்துக்குள் நாம் இங்கே நுழையவில்லை. கற்பனை செய்வதே தவறு என்றும் நாம் சொல்லவில்லை. புதியன புனைவதில் தமிழ் முஸ்லிம்கள் யாருக்கும் பின்தங்கியவர்கள் அல்லர். வண்ணப் பரிமளப் புலவர் 1572இல் 'ஆயிர மசலா'வை அரங்கேற்றிய காலந்தொட்டு, தமிழில் அதுவரை இல்லாத இலக்கிய வகைகளை நம் முன்னோர் ஆக்கித் தந்தார்கள். மசலா, கிஸ்ஸா, முனாஜாத்து, நாமா, படைப்போர் என்று அவ்வகைகளை இன்றும் தமிழ் இலக்கிய வரலாறு எண்ணிச் சொல்கிறது. இவையனைத்தும் கலப்புத்தாம். அரபு, பாரசீக மரபும் தமிழ் யாப்பும் கலந்த கலப்பு. ஆனால் அந்தக் கலப்பில் ஒரு நேர்மையைக் காண்கிறோம். அரபியிலிருந்து வந்ததற்கு அரபுப் பெயரே நின்றது; பாரசீகத்திலிருந்து வந்ததற்குப் பாரசீகப் பெயரே நின்றது. காயல்பட்டினத்துக் காசிம் புலவர் அருணகிரிநாதரின் சந்தத்தை எடுத்து நபிகள் நாயகத்தைப் பாடியபோது, தம் நூலுக்கும் 'திருப்புகழ்' என்றே பெயரிட்டார். எவரிடம் பெற்றோம் என்பதை நூலின் முகப்பிலேயே அறிவித்துவிட்ட பெருந்தன்மை அது! இன்றைய கலப்பிசைக்காரர்களிடம் நாம் கேட்பது இதைவிட அதிகமான எதையும் அன்று.

தொண்டியை அடுத்த குணங்குடியில் பிறந்து, வட சென்னைக்கு வந்து வாழ்ந்து, 1838இல் மறைந்து அங்கேயே அடங்கியிருக்கும் மஸ்தான் சாகிபு முகியித்தீன் சதகமும் பாடினார். அகத்தீசர் சதகமும் பாடினார். தொண்டியார் வாழ்ந்த இடமே தண்டையார்பேட்டை ஆயிற்று என்பது அப்பகுதி மக்களின் வழக்கு. கானாப் பாடகர் பலர் தம் மரபை அவர் பாடல்களிலிருந்து தொடங்கிச் சொல்வதையும் நாம் கேட்டிருக்கிறோம். ஆக, இருவேறு உலகங்கள் ஒரே பாட்டில் கலப்பது அந்த மண்ணுக்குப் புதிதன்று. அங்கே கலந்தவர்கள் முகத்தை மறைத்துக்கொள்ளவில்லை என்பதே நாம் சுட்ட விரும்புவது.

இனி, திரையில் நடப்பதைப் பார்ப்போம். 2015இல் வெளிவந்த 'பாகுபலி' படத்தில் காலகேயர் என்றோர் இனம் வருகிறது. அவர்களுக்காக மதன் கார்க்கி 'கிளிக்கி' என்றொரு மொழியையே ஆக்கினார். ஏறத்தாழ 750 சொற்களும் 40 இலக்கண விதிகளும் அதற்கு உண்டு என்று சொல்லப்பட்டது. அந்த உழைப்பை நாம் மதிக்கிறோம். ஆனால் அந்த மொழியைப் பேசுவோர் எப்படிப்பட்டவர்கள்? உடலெங்கும் கருமை, கண்களில் வெறி. போரையும் போருக்கு முந்திய பேச்சையும் தவிர அவர்களை நாம் காண்பதே இல்லை. அவர்கள் வீட்டில் தாலாட்டு உண்டா? அவர்கள் நாற்று நட்டார்களா, மீன் பிடித்தார்களா? தம் பிணத்தின் முன் என்ன பாடினார்கள்? 40 விதிகள் கொண்ட மொழியைப் பெற்ற இனத்துக்கு, அழுவதற்கு ஒரு பாட்டுக் கிடைக்கவில்லை! கருநிறமும் முழக்கமும் சேர்ந்தால் காட்டுமிராண்டித்தனம் என்ற கணக்கை அந்தக் கற்பனை எங்கிருந்து கற்றது? வீதியிலிருந்துதான் கற்றது. கற்றதை மீண்டும் வீதிக்கே திருப்பித் தருகிறது.

ஐந்து ஆண்டுகள் முன்னே செல்வோம். 2010இல் செல்வராகவன் இயக்கி, ஜி. வி. பிரகாஷ்குமார் இசையமைத்த 'ஆயிரத்தில் ஒருவன்' படத்திலும் கற்பனை இனம் ஒன்று வருகிறது; நாடிழந்து மறைந்து வாழும் சோழரின் எச்சம். அந்தப் படத்தைப் பற்றி நமக்கு வேறு குறைகள் உண்டு. ஆயினும் அதன் இசை, அந்த இனத்தைப் பசித்தவர்களாக, இறைவனிடம் கையேந்துபவர்களாக, மண்ணை எண்ணி அழுபவர்களாகக் காட்டிற்று. அங்கேயும் இருள் உண்டு. ஆனால் அந்த இருளுக்குக் காரணம் உண்டு. காரணம் தெரிந்த துயரம் கேட்பவரை இரங்க வைக்கிறது. காரணம் மறைக்கப்பட்ட துயரம் வெறும் பயங்காட்டலாக நின்றுவிடுகிறது.

கற்பனை உலகுக்கு இசை வகுப்பது எப்படி என்று தமிழன் அயலாரிடம் போய்க் கேட்க வேண்டியதில்லை. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் கருப்பொருள் வகுத்தபோது, தெய்வம், உணவு, தொழில் ஆகியவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்தே எண்ணிற்று. நெய்தல் நிலத்துக்கு மீன்கோட்பறை; அதன் யாழ் விளரி யாழ். விளரியோ இரங்கற் பண்! கடலுக்குப் போனவன் திரும்புவானோ என்று கரையில் காத்திருப்பவளின் பண். முதலில் நிலம், பிறகு உணவும் தொழிலும், அவற்றிலிருந்து பறையும் பண்ணும் என்பதே அந்த முறையின் உட்கிடை. இன்றைய வணிகமோ தலைகீழாக நடக்கிறது. முதலில் நடுங்க வைக்கும் ஓசையைத் தேடி எடுக்கிறது. பிறகு அந்த ஓசைக்கேற்ப ஓர் இனத்தைக் கொடியதாக்குகிறது.

இராயபுரம் முதல் எண்ணூர் வரை நீளும் கரை அந்த நெய்தல் நிலந்தான். அங்கே இன்றும் பாடப்படும் மரண கானாவைக் கவனியுங்கள். பிணத்தின் அருகே இரவெல்லாம் அமர்ந்து பாடுகிறவர், இறந்தவரின் பெயரைச் சொல்கிறார். அவர் செய்த தொழிலைச் சொல்கிறார். அவர் விட்டுச் சென்ற பிள்ளைகளைச் சொல்லி அழுகிறார். இடையிடையே சிரிக்கவும் வைக்கிறார். துறைமுகத்தில் மூட்டை தூக்கி முதுகு வளைந்தவனின் வரலாற்றை எழுத எவரும் முன்வராத நாட்டில், அவன் இறந்த இரவில் ஒருவர் அதைப் பாடிவிடுகிறார். பெயர் சொல்வதே உயிராக உள்ள இந்தக் கலையிலிருந்து தாளத்தை மட்டும் உருவி, பெயர்களை எறிந்துவிட்டு, பேயாட்டத்துக்குப் பின்னணி ஆக்குவது கலைப்பணியா?

நம் குடும்பங்களுக்கு இதில் தனிப்பட்டதொரு பங்கும் உண்டு. திரையில் கொடியவன் நுழையும்போது, குண்டு வைப்பவன் வரும்போது, பின்னணியில் அரபுச் சாயல் கொண்ட ஆலாபனை எழுவதை எத்தனை முறை கேட்டுவிட்டோம்! அரபுச் சாயல் கேட்டவுடனே ஆபத்து என்று காதைப் பழக்கிவிட்டார்கள். பறை என்றால் காட்டுமிராண்டி, தாயிரா என்றால் மந்திரவாதி, நீண்ட ஆலாபனை என்றால் பயங்கரவாதி. இந்த மூன்று பாடங்களும் ஒரே பள்ளிக்கூடத்தில் நடத்தப்படுபவை. ஒன்றை எதிர்த்து மற்றதைச் சும்மா விடுவது பயன் தராது. பறை இழிவுபடும்போது வாளாவிருந்துவிட்டு, நம் குரல் இழிவுபடும்போது மட்டும் குமுறினால் நம் குமுறலுக்கு மதிப்பேது?

"கலைஞன் எதையும் எங்கிருந்தும் எடுப்பான், கேள்வி கேட்டால் கலை செத்துவிடும்" என்று சிலர் வாதிடுவர். பிரான்சு நாட்டில் கிறிஸ்தியான் வாண்டேர் என்ற முழவுக் கலைஞர் 1969இல் 'மாக்மா' என்ற இசைக்குழுவைத் தொடங்கினார். சீரழிந்த பூமியை விட்டு வெளியேறிக் கோபாயா என்னும் கற்பனைக் கோளில் குடியேறிய மக்களை அவர் படைத்தார். அவர்களுக்குத் தனி மொழியும் அமைத்தார். இருண்டு, கனத்து, கூட்டுக் குரல்களால் சடங்கு போல் முழங்கும் அவ்விசைக்கு அந்தக் கற்பனை மொழியிலேயே 'ஸெயுல்' என்று பெயர் வைத்தார். இன்று அது ஓர் இசைவகையின் பெயராகவே நிலைத்துவிட்டது. அவர் கடன் வாங்கவில்லையா? வாங்கினார். 1967இல் மறைந்த அமெரிக்கக் கருப்பினக் கலைஞர் ஜான் கோல்ட்ரேனே தம் ஊற்றுக்கண் என்று ஓயாமல் சொல்லிவந்தார். அப்படிச் சொன்னதால் அவர் கற்பனை செத்துவிடவில்லை.

அவ்வளவு தொலைவு போவானேன்? 2018இல் சென்னையில் இயக்குநர் பா. இரஞ்சித்தின் முயற்சியிலும் தென்மாவின் இசையமைப்பிலும் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற குழு மேடையேறியது. கானாவும் ராப்பும் ராக்கும் அங்கே கலந்தன. கலப்பில் அது எவருக்கும் குறைந்ததன்று. ஆனால் கானா பாடியவர்களே மேடையின் முன்வரிசையில் தம் பெயரோடு நின்றார்கள். ஒலியை மட்டும் வாங்கிக்கொண்டு ஆளை வாசலில் நிறுத்தும் வழக்கம் அங்கே இல்லை.

அந்தப் பிரெஞ்சுக் கலைஞர் பாழான பூமியைக் கற்பனை செய்தார். எண்ணூர் மக்களுக்கு அந்தக் கற்பனை தேவைப்படவில்லை. கழிமுகத்தில் அனல் மின் நிலையச் சாம்பல் படிந்தது. 2017 சனவரியில் கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் பரவியது. 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து வலைகளையும் படகுகளையும் கருமையாக்கியது. அதே மாதத்தில் அமோனியா கசிந்து நள்ளிரவில் மக்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். ஓடியவர்கள் குடியேற வேறு கோள் இல்லை. அந்தக் கரைக்கே திரும்பினார்கள். 2017இல் டி. எம். கிருஷ்ணா அந்தக் கழிமுகத்திலேயே நின்று, கபேர் வாசுகி எழுதிய 'சென்னை பொறம்போக்கு பாடல்' என்னும் பாட்டைச் சென்னைத் தமிழிலேயே கருநாடக இசையில் பாடினார். இருளும் உண்டு, கலப்பும் உண்டு, சடங்கின் கனமும் உண்டு. இடத்தின் பெயரும் உண்டு! உண்மையான இருளுக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு, பொய்யான இருளை விலைக்கு வாங்குவானேன்?

எனவே இசையமைப்போருக்கு நாம் கூறுவது இதுதான். கற்பனை இனம் படையுங்கள். அதற்கு ஒரு தாலாட்டும் ஓர் அறுவடைப் பாட்டும் சேர்த்தே படையுங்கள். பறையையும் தாயிராவையும் எடுத்தால், அடிக்கத் தெரிந்தவரையே அழையுங்கள். உரிய ஊதியம் கொடுங்கள். அவர் பெயரைத் திரையில் எழுதுங்கள். எந்த ஊரின் எந்த மரபு என்பதை மறைக்காதீர்கள்.

பெற்றோருக்கும் ஒரு கடமை உண்டு. பிள்ளைகளோடு அமர்ந்து படம் பார்க்கும்போது, அந்தக் குகைக் காட்சியில் முழக்கம் எழுந்தால், இது பறை, இது தாயிரா, இவற்றை வாசிப்பவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள் என்று எடுத்துச் சொல்லுங்கள். குணங்குடியார் யார் என்று சொல்லுங்கள். முடிந்தால் ஒருநாள் அழைத்துச் சென்று அந்த வாசிப்பை நேரில் கேட்க வையுங்கள். வாசிப்பவரின் முகத்தைக் கண்ட பிள்ளை, அந்த ஒலியைக் கேட்டு அஞ்சாது. அஞ்சச் சொல்பவரையும் நம்பாது.